அமனெசீதோ என்ற பெயருக்கு மிச்சம் இரண்டு பேர்

அரசாங்கப் புள்ளிவிவர ஆபீசுக்கு ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதில் உங்கள் குடும்பப் பெயரைத் தட்டினால் ஸ்பெயின் முழுக்க அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். கார்சியா என்று தட்டினால் பதினாலு லட்சத்துக்கு மேல் காட்டும். அமனெசீதோ என்று எங்கள் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வராது. இருபது பேருக்குக் குறைந்தால் காட்டமாட்டார்களாம். போன வருஷம் வரைக்கும் நாங்கள் இரண்டே பேர், நானும் என் அண்ணன் மகள் காசில்தாவும்.

என் பெயர் ஒப்தூலியா. வயது அறுபத்திரண்டு, கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊர்ச் சதுக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். ஆணியும் தாழ்ப்பாளும் விற்பது போக, சாவி வெட்டுவேன், பித்தளைத் தகட்டில் பெயர் பொறிப்பேன். இந்த ஊரில் வீட்டுக் கதவிலும் கல்லறைச் சுவரிலும் இருக்கிற பாதிப் பெயர்கள் என் கை வெட்டியவை.

பெயரின் வரலாறு என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. செப்டம்பர் சந்தைக்கு ஒருவன் கம்ப்யூட்டரும் கையுமாக வந்து உட்காருவான். பெயரைச் சொன்னால் வம்சக் கதையும் கேடயச் சின்னமும் அச்சடித்துத் தருவான். அமனெசீதோ என்பது வடக்கு மலைப் பக்கத்துப் பிரபுக்கள் பரம்பரை, மூர் அரபுப் படைகளோடு சண்டை போட்டு ராஜாவிடம் நிலம் வாங்கியவர்கள் என்று ஒரு தாளை நீட்டினான். கேடயத்தில் ஒரு சூரியன், இரண்டு சிங்கம். எனக்கு முன்னால் நின்ற கறிக்கடைக்காரனுக்கும் அதே இரண்டு சிங்கத்தைத்தான் கொடுத்திருந்தான். நான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியதில், அடுத்த வருஷம் அவன் கடையை வேறு ஊரில் போட்டுக்கொண்டான்.

உண்மைக் கதையை நானே தேடி எடுத்தேன். மாகாணத் தலைநகரில் பிஷப் மாளிகையின் பழைய பதிவேடுகளில் இருக்கிறது. 1871 ஜனவரி. அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. வெளியே நின்று குழந்தையை வைத்துத் திருப்பினால் உள்ளே போய் மணி அடிக்கும், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. அன்றைக்குக் கடும் உறைபனி, மணிச் சத்தம் யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. காலையில் திறந்தபோது பெட்டியில் மூன்று குழந்தைகள் இருந்தன, ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அங்கே வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் எக்ஸ்போசித்தோ என்று ஒரே பெயரைத்தான் வைப்பார்கள், வெளியே விடப்பட்டவன் என்று அர்த்தம். அன்று பதிவேடு எழுதிய கன்னியாஸ்திரிக்கு என்ன தோன்றியதோ, இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அமனெசீதோ என்று எழுதிவிட்டாள். விடியும்வரை உயிரோடு இருந்தவன் என்று அர்த்தம். அவன்தான் என் கொள்ளுத்தாத்தா.

பள்ளிக்கூடத்தில், இன்னுமா உனக்கு விடியலை என்று கேலி பண்ணுவார்கள். நான் அடிதான் கொடுப்பேன். எங்கள் வீட்டில் சொத்து என்று எதுவும் கிடையாது, இந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

எங்கள் நாட்டில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். முன்னால் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. பிள்ளைகளுக்கு இறங்குவது முன்னால் இருப்பது மட்டும்தான், பின்னால் இருப்பது அந்த ஆளோடு போய்விடும். என் அண்ணன் ஒனோராத்தோவுக்கு ஒரே மகள், அவளும் எலோய் கர்ராச்சோனைக் கட்டிக்கொண்டாள். பழைய வழக்கப்படி எங்கள் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது சட்டம் மாறிவிட்டது. அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதித்தால் அம்மா பெயரை முன்னால் போடலாம். அண்ணன் சாகும்போது எலோயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றுதான். எலோய் நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். கர்ராச்சோன்கள் ஒரு கால்பந்து டீமுக்கு மேலேயே இருக்கோம் மாமா, ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது என்று சொல்லி அண்ணனைச் சிரிக்க வைத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மூன்றாம் தேதி, புனித பிளாஸ் திருநாள். காசில்தாவுக்கு இருபத்துமூன்றாவது வாரத்திலேயே வலி எடுத்துவிட்டது. தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை, மயக்க மருந்திலேயே வைத்திருந்தார்கள். ஆண் குழந்தை, என் உள்ளங்கை அளவு இருந்தான். டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, காலை வரைக்கும் தாங்காது என்றார்.

அதற்குள் சேர்க்கை மேசையிலிருந்து ஒரு பெண் வந்து பிறப்புப் பதிவுப் படிவத்தை எலோயின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது, அதை வாங்கி நானே நிரப்பினேன். பெயர் பிளாஸ். முதல் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. விடியும்வரை இருந்தவன் என்கிற பெயரை, விடியாது என்று டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்ட பிள்ளைக்கா வைப்பது? அடுத்த பிள்ளைக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. விசேஷத்துக்கென்று நல்ல துணியை அலமாரியில் மடித்து வைப்பதுபோல அந்தப் பெயரை எடுத்து வைத்தேன். கர்ராச்சோன் என்று முன்னால் எழுதினேன், அமனெசீதோவைப் பின்னால் தள்ளினேன்.

எலோய் படிவத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். காசில்தாவும் நானும் பேசியாச்சு, அவள் இஷ்டம் இதுதான் என்றேன். அவளிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவன் நம்பிக் கையெழுத்துப் போட்டான். தாயின் சம்மதம் என்ற இடத்திலும் அவனே டிக் அடித்தான்.

பிறகு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். காசில்தாவுக்குத் துணிமணி எடுக்க வேண்டும் என்று சாக்கு சொன்னேன். பிள்ளை கிடந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் போனபோது எல்லாம் முடிந்து, பிள்ளையைக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். போயிட்டான் அத்தை என்றான் எலோய். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. காசில்தாவும் கண் விழித்த பிறகு எதையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் பிளாஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவன் காகிதங்களை யாரும் பிரிக்கவில்லை. கல்லறைத் தகட்டை நான்தான் பொறித்தேன். பிளாஸ் என்று மட்டும் போட்டேன். அத்தை துக்கத்தில் சுருக்கிவிட்டாள் என்று காசில்தா நினைத்துக்கொண்டாள்.

போன ஜூனில் எல்வீரா பிறந்தாள். நிறை மாதம், மூன்றரைக் கிலோ, ஊரைக் கூட்டுகிற குரல். எடுத்து வைத்ததை வெளியே எடுக்கும் நாள் வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறப்பைப் பதியப் பத்து நாள் அவகாசம். ஆஸ்பத்திரியில் பதியக் கூடாது, நம் ஊரில்தான் பதிய வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஆறாம் நாள் நாங்கள் மூன்று பேரும் குழந்தையோடு நகராட்சிக் கட்டடத்துக்குப் போனோம். பதிவு மேசையில் அம்பாரோ. முப்பது வருஷமாக என் கடையில் பூட்டு வாங்குகிறவள்.

அம்பாரோ கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள், மறுபடி தட்டினாள், கண்ணாடியைக் கழற்றினாள். "இது முடியாது ஒப்தூலியா," என்றாள்.

"என்ன முடியாது?"

"மூத்ததுக்கு எந்த வரிசையோ, கூடப் பொறந்த எல்லாத்துக்கும் அதே வரிசைதான். மூத்தவனுக்குக் கர்ராச்சோன் முன்னால இருக்கு."

அவன் செத்து மூன்று வருஷம் ஆகிறதே என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செத்தாலும் மூத்தவன் மூத்தவன்தானே. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சட்டம் அப்படித்தான் சொல்லுது," என்றாள்.

காசில்தா திரும்பி எலோயைப் பார்த்தாள். நீயா எழுதினே என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "எங்கப்பா உன் கையைப் பிடிச்சுக் கேட்டாரே, அதுகூடவா மறந்துபோச்சு?" என்றாள். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசாமல் அம்பாரோமேல் பாய்ந்தேன். சட்டம் படித்தவள் மாதிரி பேசாதே, மூணு மாசத்துக்கு ஒரு சாவியைத் தொலைக்கிற உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். பாவம், அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. கடையைப் பூட்டிவிட்டுத் தலைநகருக்குப் போனேன். பெரிய பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, அம்பாரோ சொன்னதையே இன்னொருத்தர் வாயால் கேட்டேன். கணினியைத் திறந்து சட்டத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். எனக்கு வேண்டிய வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. வயதுக்கு வந்த பிறகு பெண்ணே வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதுவரை நான் இருப்பேனா, இருந்தாலும் அவளுக்கு இந்தப் பெயர்மேல் என்ன அக்கறை இருக்கும்? புள்ளிவிவர ஆபீஸ் பக்கத்தைத் திறந்து பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், பைத்தியம் பிடித்தவள்போல. அது ஒரே பதிலைத்தான் சொன்னது.

கடைசியில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். மேல்முறையீடு வருஷக்கணக்கில் இழுக்கும், தோற்கவும் வாய்ப்பு உண்டு என்றாள். வேறு வழியே இல்லையா என்று கெஞ்சினேன். அவள் பேனாவை உருட்டிக்கொண்டே, மூத்தவன் படிவத்தில் தாயின் சம்மதம் உண்மையிலேயே வாங்கப்பட்டதா என்று கேட்டாள். தாயைக் கேட்காமல் எழுதியிருந்தால், அந்தப் பதிவையே திருத்தச் சொல்லி மனுப் போடலாம். யார், என்ன சொல்லி எழுதவைத்தார்கள் என்று எழுத்தில் ஒரு வாக்குமூலம் வேண்டும். மூத்தவன் பதிவு திருந்தினால் சின்னவளுக்கும் அதே வரிசை தானாக வரும். ஆனால் பத்து நாளுக்குள் மனு போக வேண்டும், இந்தப் பெண்ணையும் பழைய வரிசையிலேயே பதிந்துவிட்டால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்றாள். வெள்ளிக்கிழமை பத்தாம் நாள்.

ஊருக்கு வந்து இறங்கினால் கடை வாசலில் எலோய் நிற்கிறான். மூன்று நாளாக அவன் தம்பி வீட்டில் படுத்திருக்கிறானாம். சவரம் பண்ணாமல் கண் உள்ளே போயிருந்தது. நான் செய்ததைக் கேளுங்கள், மறைக்க மாட்டேன். நீயே தானாக எழுதியதாக ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடு, பெயர் பிழைத்துவிடும் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "குடுத்தா அவ இனி என் முகத்துலயே முழிக்க மாட்டா அத்தை," என்றான். "நான் உங்களைக் காட்டிக் குடுக்கலை. நீங்களே சொன்னா நல்லது," என்று சொல்லிவிட்டு நடந்து போனான். அவன் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது காசில்தா ஒருத்திதான். அவள் அம்மா போன பிறகு தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. வாயைத் திறந்தால் அவள் போய்விடுவாள், மூடினால் பெயர் போய்விடும். வியாழக்கிழமை முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தேன். எலோய் அந்தத் தம்பி வீட்டு சோபாவில் கிடப்பதும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் காசில்தா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழைய வரிசையிலேயே பதிந்துவிட்டு இந்த விஷயத்தை ஒழித்துவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தாள். எலோய் இரண்டடி தள்ளி நின்றான். அம்பாரோ விரலைக் கம்ப்யூட்டர் விசைமேல் வைத்தபோது நான் நிறுத்தச் சொன்னேன். சொல்லிவிட்டேன். படிவத்தை நிரப்பியது நான், அவள் இஷ்டம் என்று பொய் சொன்னது நான், எலோய்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நின்ற நிலையில் எல்லாவற்றையும், மனுப் போட்டுத் திருத்தலாம் என்று வக்கீலம்மா சொன்னதையும் சொன்னேன்.

"ஏன்?" என்று கேட்டாள் காசில்தா.

"அந்தப் பேருக்கு அர்த்தம் உனக்கே தெரியும்டி. அவன் விடியறதுக்குள்ள போயிருவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவனுக்குப் போட்டு வீணாக்க வேணாம்னு நெனைச்சேன்."

வீணாக்க என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. திருப்பி எடுக்க முடியவில்லை. அம்பாரோ தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எலோய் அந்த நாளைப் பற்றிப் பேசினான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"விடிஞ்சப்புறம்தான் அத்தை போனான். ஒம்பதே காலுக்கு. நர்ஸ் வந்து திரையைத் தூக்கிவிட்டுச்சு. வெயில் அவன் கால்ல விழுந்துச்சு. விரலை மடக்குனான்."

காசில்தாவுக்கும் இது தெரியாது. அவள் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. எலோய் அவள் பக்கத்தில் போய் நின்றான், அவள் நகர்ந்துகொள்ளவில்லை. பிறகு அம்பாரோவிடம், "மனுவை எழுதுங்க. மொதல்ல என் பையன் பேரைச் சரி பண்ணணும்," என்றாள். நான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தெருவில் இறங்கியதும் இருவரும் ஒன்றாக வீட்டுப் பக்கம் நடந்தார்கள், நான் கடைக்கு வந்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடையாது. போன் பண்ணினால் எலோய்தான் எடுப்பான், குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். மனு ஏழு மாதம் இழுத்தது. ஜெயித்துவிட்டது என்று பூட்டு வாங்க வந்த அம்பாரோதான் சொன்னாள். மூத்தவன் பதிவு திருந்தியது, அந்த விதியாலேயே சின்னவளுக்கும் பெயர் வந்துவிட்டது. எல்வீரா அமனெசீதோ கர்ராச்சோன். உயிரோடு இருப்பவர்கள் இப்போது மூன்று பேர். நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டது இதைத்தான். அன்று கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில் அல்ல.

பிப்ரவரி முதல் வாரத்தில் காசில்தா கடைக்கு வந்தாள், குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு. அவள் மேசைமேல் ஒரு சான்றிதழைப் பிரித்து வைத்தாள்.

"ஒரு தகடு வேணும்," என்றாள். "முழுப் பேரும் போடுங்க. பொறந்த நேரம், போன நேரம் ரெண்டையும் போடுங்க."

பிறந்ததிலிருந்து என்னை வா அத்தை, போ அத்தை என்று கூப்பிட்டவள். செவ்வாய்க்கிழமை தயாராகிவிடும் என்று சொன்னேன். எலோய் வந்து வாங்கிக்கொள்வார் என்றாள். குழந்தை வண்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, யாரோ ஒரு கடைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவர்கள் போன பிறகு கதவு மணி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை, அன்றைக்கே வெட்டினேன். பிளாஸ் அமனெசீதோ கர்ராச்சோன். பிப்ரவரி 3, 19.40. பிப்ரவரி 4, 9.15. எழுத்து ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு, சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தேன். விதைக்கிறவர்களுக்காக ஒவ்வொரு நாளும் சூரியன் எழுகிற நேரத்தை அதில் போட்டிருப்பார்கள். பிப்ரவரி நாலுக்கு எட்டு இருபத்துமூன்று என்று இருந்தது. ஒன்பதே காலுக்கு அங்கிருந்து ஐம்பத்திரண்டு நிமிஷம். அந்த ஐம்பத்திரண்டு நிமிஷமும் நான் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.